ராக் கிராலிங் பக்கியின் சஸ்பென்ஷன் ட்யூனிங்: எடை போடுவதில் தொடங்கி வால்விங் வரை

தெற்கு கலிபோர்னியாவில் ஜான்சன் வேலி பக்கம் பாறை ஏற ஆசைப்பட்டு, யாரோ ஓட்டிய, குழாய்களால் கட்டிய ட்யூப் சேஸி பக்கி ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), அதைச் சேஸியோடு பிடிக்கும் நான்கு லிங்க் கம்பிகள், ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும் காயிலோவர் ஷாக், 40 அங்குல டயர். இதுதான் என் மனதில் இருக்கும் வண்டி. நான் தொடங்கியபோது இதைத் தமிழில் சொல்ல ஆள் இல்லை, கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே கரைந்தது. அந்தக் காலமும் காசும் உங்களுக்காவது மிஞ்சட்டும்.

வேறு எதை மறந்தாலும் வரிசையை மறக்காதீர்கள். எடை, ரைடு ஹைட் (வண்டி நிற்கும் உயரம்), ஸ்பிரிங், கிராஸ்ஓவர் ரிங், ஸ்ட்ராப், கடைசியில்தான் வால்விங், அதாவது ஷாக்குக்குள் எண்ணெய் ஓட்டத்தை மாற்றுவது. பெரும்பாலானவர்கள் கடைசியில் இருப்பதில் கை வைக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் கடையில் கொடுத்து வாங்கக்கூடிய வேலை. தப்பான ஸ்பிரிங்கை வால்விங் காப்பாற்றாது.

1. பேப்பர் வேலையை முதலில் முடியுங்கள்

சஸ்பென்ஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பொது நிலத்தில் ஓட்டிப் பார்க்காமல் ட்யூன் செய்ய முடியாது, அங்கே ஓட்ட கலிபோர்னியாவில் பச்சை ஸ்டிக்கர் (சாலைக்கு வெளியே ஓடும் வண்டிக்கான பதிவு) வேண்டும். வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி தருவது, இரண்டு வருடத்துக்குச் செல்லும், கட்டணம் 50 டாலரை ஒட்டி வரும். டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) நடப்பு ஸ்டிக்கரும் இருக்கும் வண்டியை வாங்கினால் பெயர் மாற்றத்தோடு முடிந்துவிடும். வீட்டில் வெல்டு அடித்துக் கட்டிய பக்கிக்குப் பல சமயம் டைட்டிலே இருக்காது. அப்படியானால் ரெக் 343 விண்ணப்பம், வண்டியை நேரில் பார்த்துச் சரிபார்க்கும் ரெக் 31, யார் எப்படிக் கட்டியது என்று சொல்லும் ரெக் 5036, விற்றவர் கையெழுத்துப் போட்ட ரெக் 135, எஞ்சின், ஆக்சில் வாங்கிய ரசீதுகள் என்று அலைய வேண்டிவரும். பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் இதில் எது எது இருக்கிறது என்று கேளுங்கள். பணம் கைமாறிய பிறகு பழைய ரசீதைத் தேடித் தருகிறவர்கள் குறைவு.

தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இல்லாத சைலன்சரோடு போகாதீர்கள். ஜான்சன் வேலி, மத்திய அரசின் நில நிர்வாக அமைப்பான பிஎல்எம்மின் நிலம், சாதாரண நாட்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அதன் ஒரு பகுதியை ட்வென்டிநைன் பாம்ஸ் மரைன் தளம் பயிற்சிக்காக வருடத்தில் சில வாரங்கள் மூடிவிடும். கிளம்பும் முன் அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசியும் பிப்ரவரி தொடக்கமும் கிங் ஆஃப் தி ஹாமர்ஸ் பந்தயக் கூட்டம், அமைதியாக அளந்து பார்க்க அது நேரமே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் கொளுத்தும். அக்டோபர் நடுவில் தொடங்கி ஏப்ரல் வரைதான் நமக்கான காலம்.

2. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வண்டியை முழுக்க ஆட்டிப் பாருங்கள்

சேஸியைப் பலமான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, நான்கு ஷாக்கிலிருந்தும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாக்கை மாட்டுங்கள். ஃப்ளோர் ஜாக்கை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்து முழு மேல், முழு கீழ், அப்புறம் ஒரு பக்கம் மேலே மறுபக்கம் கீழே என்று கொண்டுபோங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க இதற்குப் போகும், போகட்டும்.

பார்க்க வேண்டியவை: முழுக் கீழ் நிலையில் பிரேக் ஹோஸ் இறுகுகிறதா, ஹைட்ராலிக் ஸ்டீயரிங் ஹோஸ் எங்காவது மாட்டுகிறதா, டிரைவ் ஷாஃப்டின் ஸ்லிப் பகுதி கழன்று வரும் அளவுக்கு வெளியே வருகிறதா, யூ ஜாயிண்ட் மடங்கி இடிக்கிறதா. முழு மேல் நிலையில் டயர் ட்யூபில் உரசுகிறதா, டிரைவ் ஷாஃப்ட் ஏதாவது லிங்கில் தட்டுகிறதா, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். ஷாக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் உருண்டை பேரிங் எல்லைக்குப் போய் இடிக்கிறதா என்று பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இடித்தால் வளைவது ஷாக் ஷாஃப்ட்.

எந்த மூலையில் எத்தனை அங்குலத்தில் எது முதலில் இடிக்கிறது என்று எழுதி வையுங்கள். ஆக்சில் கீழே இறங்குவதை நிறுத்தும் ஸ்ட்ராப், மேலே வருவதை நிறுத்தும் பம்ப் ஸ்டாப், இவற்றின் நீளங்கள் இந்தத் தாளிலிருந்துதான் வரப்போகின்றன.

எச்சரிக்கை ஒன்று. ஸ்பிரிங்கைக் கழற்றும் முன் ஷாக் முழுக்க நீண்டிருக்க வேண்டும், ஸ்பிரிங் லூசாகும்வரை மேல் நட்டை மேலே ஏற்றிவிட்டுத்தான் ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்த் தட்டை எடுக்க வேண்டும். உள்ளே நைட்ரஜன் இருக்கும் ஷாக்கின் மூடியை, வால்வை வீட்டில் திறக்கவே கூடாது.

3. எடை போடுங்கள், பாதிப் பிரச்சினை இங்கேயே தெரிந்துவிடும்

நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தட்டு வைக்கும் கார்னர் ஸ்கேல் வேண்டும். சொந்தமாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும், ஒரே ஒரு வண்டிக்காக வாங்கத் தேவையில்லை. சர்க்யூட் பந்தயக் கார் ஓட்டுகிறவர்கள், அலைன்மென்ட் கடைக்காரர்கள் பலரிடம் இருக்கும், கேட்டால் ஒரு மதியத்துக்குக் கிடைக்கும். லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடை மேடையில் டிரெய்லரோடு ஒரு முறை, பக்கி இல்லாமல் ஒரு முறை போட்டால் மொத்த எடை வரும், ஆனால் மூலைக்கு மூலை வராது, அதனால் பாதிதான் பயன்.

பாறையில் எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே எடை போடுங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், வழக்கமாகப் பக்கத்தில் ஒருவர் வருவார் என்றால் அவரும். ஸ்பேர் டயர், டூல் பெட்டி, குடிநீர், அரை டேங்க் பெட்ரோல், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில். டயர் காற்றும் பாறையில் ஓட்டும் அளவுக்கு இறக்கியிருக்க வேண்டும். டயர் விளிம்பை ரிம்மோடு பூட்டும் பீட்லாக் ரிம்மில் 6 முதல் 8 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். சிலர் முன் டயரில் தண்ணீர் நிரப்பி ஓட்டுவார்கள், பழைய உரிமையாளரிடம் அதையும் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

இப்போது முக்கியமான பாதி. ஸ்பிரிங் தாங்குவது வண்டியின் முழு எடையை இல்லை. டயர், ரிம், ஆக்சில், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதைக் கழிக்க வேண்டும். சேஸியை ஸ்டாண்டில் ஏற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு, ஆக்சில் தன் டயரில் ஸ்கேல் மேல் நிற்கும்படி விடுங்கள். வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பார் இருந்தால் அதன் இணைப்பையும் கழற்ற வேண்டும். ஸ்கேல் காட்டுவதுதான் கீழ் எடை, லிங்குகளின் பாதி எடை அதிலேயே சேர்ந்து வந்துவிடும். டேனா 60 என்ற கனரக ஆக்சில், 40 அங்குல டயர் என்றால் முன்பக்கம் மட்டுமே 900 பவுண்டு வருவது சாதாரணம். மனக்கணக்கில் 500 என்று போட்டுக்கொண்டு ஸ்பிரிங் வாங்கியவர்களின் வண்டிதான் கட்டை மாதிரி விறைத்து நிற்கிறது.

கணக்குக்கு ஒரு உதாரணம்: முன் ஸ்கேல் இரண்டும் சேர்த்து 2440, கீழ் எடை 900. மிச்சம் 1540, ஒரு ஷாக்குக்கு 770 பவுண்டு.

4. ரைடு ஹைட் முடிவு செய்து ஸ்பிரிங்கைக் கணக்குப் போடுங்கள்

14 அங்குல ஷாக் என்றால், வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஷாஃப்ட் 6 அங்குலம் வெளியே தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மேலே போக 6, கீழே இறங்க 8. பாறைக்கு இது நல்ல தொடக்கம், 5க்கு 9 என்று வைப்பவர்களும் உண்டு. வண்டியை உயரமாக நிறுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். வயிற்றுத் தகடு பாறையில் உரசினால் சறுக்கிக்கொண்டு போய்விடலாம், உயரத்தால் பக்கச் சரிவில் உருண்டால் அன்றைய நாள் முடிந்தது.

உள்ளே இருக்கும் நைட்ரஜனும் ஷாஃப்டை வெளியே தள்ளும் என்பதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 7/8 அங்குல ஷாஃப்டின் குறுக்குப் பரப்பு 0.6 சதுர அங்குலம், 200 பிஎஸ்ஐ அடைத்திருந்தால் 120 பவுண்டு. ஆகவே நம் உதாரணத்தில் ஸ்பிரிங் தாங்க வேண்டியது 770லிருந்து 120 போக 650.

முழுக் கீழ் நிலையிலிருந்து ரைடு ஹைட்டுக்கு வர ஷாக் 8 அங்குலம் அமுங்குகிறது. அதோடு 2 அங்குல ப்ரீலோடு (ஷாக் முழுக்க நீண்டிருக்கும்போதே நட்டால் ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் அளவு) சேர்த்தால் 10. 650ஐ 10ஆல் வகுத்தால் 65. ஆக, ஓர் அங்குலத்துக்கு 65 பவுண்டு ரேட் உள்ள ஸ்பிரிங் வேண்டும்.

காயிலோவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஸ்பிரிங் அடுக்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து அமுங்கும்போது ரேட் குறையும். இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். மேலே 100, கீழே 175 என்றால் 17500ஐ 275ஆல் வகுத்து 63.6. நமக்குத் தேவையானதை ஒட்டி வந்துவிட்டது. 650க்கு இந்த ஜோடி 10.2 அங்குலம் அமுங்கும், எனவே ப்ரீலோடு 2.2. ப்ரீலோடு 1 முதல் 3 அங்குலத்துக்குள் வந்தால் நிம்மதி. ஒன்றுமே இல்லாவிட்டால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று ஆடும். 5 அங்குலம் வரை நட்டை இறக்கினால்தான் வண்டி நிற்கிறது என்றால் ஸ்பிரிங் மெலிது, நட்டைத் திருகுவதால் ஸ்பிரிங்கின் ரேட் மாறாது.

நீளமும் பார்க்க வேண்டும். 14 அங்குல ஷாக்குக்கு மேலே 14, கீழே 16 அங்குல ஸ்பிரிங் என்பது வழக்கமான ஜோடி. 2.5 அங்குல ஷாக்குக்கு 3 அங்குல உள்விட்டம், 2.0 ஷாக்குக்கு 2.5 அங்குல உள்விட்டம். ஸ்பிரிங்கின் மேல் எண் அச்சடித்திருக்கும், ஐபாக் கம்பெனி ஸ்பிரிங்கில் 1600.300.0175 என்று இருந்தால் நீளம் 16, உள்விட்டம் 3, ரேட் 175. பழைய வண்டியில் என்ன மாட்டியிருக்கிறது என்பதை விற்றவர் வாயிலிருந்து கேட்காமல் துடைத்துவிட்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

ஷாக் எப்படி மாட்டியிருக்கிறது என்பதும் கணக்கை மாற்றும். நிமிர்ந்து நிற்காமல் 30 டிகிரி சாய்ந்திருந்தால் ரேட்டில் முக்கால் பங்குதான் ஆக்சிலுக்குப் போய்ச் சேரும். 15 டிகிரிக்குள் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கீழ் முனை ஆக்சிலில் இல்லாமல் லிங்கில் மாட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சக்கரம் 10 அங்குலம் நகரும்போது ஷாக் 8 மட்டும் நகர்கிறது என்றால், ஸ்பிரிங் தாங்கும் சுமை 1.25 மடங்கு, தேவைப்படும் ரேட் ஏறக்குறைய 1.56 மடங்கு. இதைச் சொல்லாமல் கடையில் ஸ்பிரிங் கேட்காதீர்கள். ஒரு கடையில் என்னிடம் எடையும் கேட்கவில்லை, எங்கே மாட்டியிருக்கிறது என்றும் கேட்கவில்லை, டயர் அளவை மட்டும் கேட்டுவிட்டு நான்கு ஜோடியை எடுத்துக் கொடுத்தார்கள். பிரித்த ஸ்பிரிங்கைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

ஒரு ஸ்பிரிங் ஏறக்குறைய 80 முதல் 110 டாலர், எட்டு ஸ்பிரிங் மாற்றினால் கூட்டிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஸ்பிரிங்குகளை ராக் கிராலிங் ஆட்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது சகஜம், எண்ணைச் சொல்லிக் கேட்டால் பாதி விலைக்குக் கிடைக்கும். ஸ்டாக்கில் இல்லாத ரேட் என்றால் வந்து சேர ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

புது ஸ்பிரிங் மாட்டியவுடன் உயரத்தை அளக்காதீர்கள். கொஞ்சம் ஓட்டி, முன்னும் பின்னும் உருட்டி, ஜாயிண்டுகள் இளகிய பிறகு அளங்கள். இரண்டு அளவுக்கும் சில சமயம் ஓர் அங்குலம் கூட வித்தியாசம் வரும்.

5. கிராஸ்ஓவர் ரிங்கை மறக்காதீர்கள்

ஷாக்கின் உடம்பில் இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்லைடர், அதற்கு மேலே பூட்டு நட் மாதிரி இரண்டு ரிங். ஸ்லைடர் மேலே வந்து ரிங்கில் முட்டியதும் மேல் ஸ்பிரிங் வேலையை நிறுத்திவிடும், அதற்குப் பிறகு கீழ் ஸ்பிரிங் மட்டும். நம் உதாரணத்தில் 63.6 சட்டென்று 175 ஆகிவிடும்.

இதை எங்கே வைப்பது? ரைடு ஹைட்டிலிருந்து 3 அங்குலம் மேலே போனதும் முட்டட்டும் என்று வைத்துக்கொண்டால், ரிங்கை 3 அங்குலம் மேலே வைக்கக் கூடாது. ஷாக்கின் அமுக்கத்தில் மேல் ஸ்பிரிங்கின் பங்கு 175ஐ 275ஆல் வகுத்தது, அதாவது 0.64. ஆகவே ஸ்லைடருக்கும் ரிங்குக்கும் நடுவே 1.9 அங்குலம் விடுங்கள். இந்த ஒரு கணக்குத் தெரியாமல் பலருக்கு ரிங் எட்டவே எட்டாத உயரத்தில் நிற்கிறது, பாறையிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஷாக் முழுக்க அமுங்கி வண்டி அடி தட்டுகிறது, ஸ்பிரிங் மெலிது என்று நினைத்துத் தடித்ததை வாங்குகிறார்கள்.

பக்கச் சரிவில் வண்டி கீழ்ப்பக்கமாகப் படுப்பது அதிகமாகத் தெரிந்தால் ரிங்கை அரை அங்குலம் இறக்கிப் பாருங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்குத்தான் பலன் அதிகம்.

6. ஸ்ட்ராப், பம்ப் ஸ்டாப், ஸ்வே பார்

ஷாக் முழுக்க நீண்டு அதுவே ஆக்சிலைத் தாங்கக் கூடாது. அரை அங்குலம் மிச்சம் இருக்கும்போதே லிமிட் ஸ்ட்ராப் பிடித்துவிட வேண்டும். நைலான் ஸ்ட்ராப் சுமையில் நீளும், அதனால் கையால் இழுத்துப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் குட்டையாகவே இருக்கட்டும். மேல் பக்கமும் அதே மாதிரி, ஷாக் அடி தட்டும் முன் பம்ப் ஸ்டாப் தாங்க வேண்டும்.

முன் ஆக்சிலின் நடுவில் போடும் ஸ்ட்ராப் தனி விஷயம். செங்குத்தாக ஏறும்போது முன்பக்க எடை பின்னுக்குப் போய்விடும், அமுங்கியிருந்த முன் ஸ்பிரிங் விரிந்து சேஸியை மேலே தள்ளும், வண்டி பின்னால் மல்லாக்கக் கவிழ்வது பெரும்பாலும் இந்தத் தள்ளலில்தான். நடு ஸ்ட்ராப் அந்த விரிவை நிறுத்துகிறது. முன்பக்கம் கீழே இறங்கும் 8 அங்குலத்தை 5 ஆகக் குறைத்துப் பாருங்கள், ஏற்றத்தில் வண்டி அடங்கி ஏறும். நிறையப் பேர் ஸ்ட்ராப்புக்குப் பதிலாக ஏடிவி என்ற நான்கு சக்கர பைக்குக்கு வரும் சின்ன வின்ச் (கயிறு இழுக்கும் மோட்டார்) ஒன்றைச் சேஸியில் மாட்டி, கயிற்றை ஆக்சிலில் கட்டி, ஏறும் முன் பட்டனை அழுத்தி முன்பக்கத்தை இழுத்துக்கொள்கிறார்கள். புதியவர்களுக்கு ஸ்ட்ராப்பே போதும், 30, 40 டாலரில் முடிந்துவிடும்.

ஸ்வே பார் பின்பக்கம் மட்டும் இருந்தால் போதும், அதன் கையில் உள்ள துளைகளில் மிக மென்மையானதில் தொடங்குங்கள். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ஒரு பக்க முன் சக்கரம் மட்டும் தூக்கினால் அது டிரைவ் ஷாஃப்டின் முறுக்கு சேஸியைத் திருப்புவது. அதற்காக இடது வலது ஸ்பிரிங்கை வெவ்வேறாக மாட்டாதீர்கள், ஸ்வே பாரை அடுத்த துளைக்கு மாற்றுங்கள்.

7. நைட்ரஜன்

காற்றடிக்கும் கம்ப்ரஸரால் ஷாக்கை நிரப்பக் கூடாது, காற்றில் ஈரம் இருக்கும். ரிசர்வாயர் (ஷாக்கோடு இணைந்த தனிக் குப்பி) உள்ள காயிலோவருக்கு 150 முதல் 200 பிஎஸ்ஐ, தயாரிப்பாளர் சொல்வதையே வையுங்கள், நான்கிலும் ஒரே அளவு. ஷாஃப்ட் முழுக்க நீண்டு, ஷாக் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சாதாரண டயர் கேஜ் போட்டுப் பார்த்தால் ரிசர்வாயரில் இருக்கும் கொஞ்ச வாயுவும் கேஜுக்குள் போய்விடும், எடுக்கும்போது மிச்சமும் போகும். வால்வை மூடிவிட்டுக் கழற்றும் வகை ஃபில்லர்தான் சரி. சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து சில நூறு டாலர் ஆகும் என்பதால் முதல் வருடம் ஷாக் கடையிலேயே நிரப்பிக்கொள்ளலாம். நைட்ரஜனால் உயரத்தைச் சரிசெய்யும் வேலை காயிலோவரில் வேண்டாம்.

காயிலோவர் இல்லாமல் ஏர் ஷாக் மாட்டிய மலிவான வண்டியும் சந்தையில் வரும். அதில் ஸ்பிரிங்கே வாயுதான், எண்ணெய் அளவும் அழுத்தமும்தான் ட்யூனிங். சூடானால் அழுத்தம் ஏறி வண்டி உயரும், பக்கச் சரிவில் மேல்ப்பக்கம் விரிந்து தள்ளும். என் கருத்தில் புதியவர் அதோடு மல்லுக்கட்டாமல், அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்துக் காயிலோவருக்கு மாறுவது நல்லது. ரிசர்வாயரோடு புது 2.5 காயிலோவர் ஒன்றுக்குப் பல நூறு டாலர் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

8. ஓட்டிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஒவ்வொரு ஷாஃப்டிலும் ஒரு ஓ ரிங் மாட்டிக்கொள்ளுங்கள், எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டும். ஜான்சன் வேலியில் இருக்கும் மீன்ஸ் வறண்ட ஏரித் தரை சமமானது, முதலில் அங்கே நடை வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள், மூக்கு எவ்வளவு குனிகிறது, எத்தனை தடவை ஆடி நிற்கிறது. அப்புறம் முழங்கால் உயரப் படிப்பாறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே திரும்பத் திரும்ப ஏறி இறங்குங்கள், கூட ஒருவர் கீழே நின்று போனில் படமெடுக்கட்டும். சீட்டில் இருந்து உணர்வதும் படத்தில் தெரிவதும் ஒன்றாக இருக்காது. அங்கேயே இருக்கும் கடினமான பேக்டோர் சுவரும் சாக்லேட் தண்டர் பாறைத் தடமும் ட்யூன் செய்யும் இடம் இல்லை, அங்கே உங்கள் கவனம் முழுக்க உயிர் தப்புவதில் இருக்கும். ஐந்து முனை பெல்ட், ஹெல்மெட், கைகளை உள்ளே பிடிக்கும் பட்டை, இவை இல்லாமல் சோதனைக்குக் கூட ஏறாதீர்கள்.

என்ன தெரிந்தால் எதைத் தொடுவது? ஏற்றத்தில் மூக்கு தூக்கினால் முன் நடு ஸ்ட்ராப்பைக் குறைப்பது, அப்புறம் முன் ரைடு ஹைட்டை ஓர் அங்குலம் இறக்குவது. இறங்கும்போது அடி தட்டினால் கிராஸ்ஓவர் ரிங்கை இறக்குவது. ஓ ரிங் ஒரு நாள் முழுக்கப் பாதியைக் கூடத் தாண்டவில்லை என்றால் ஸ்பிரிங் ரேட் அதிகம் அல்லது கிராஸ்ஓவர் ரிங் மிகத் தாழ்வு. படியில் ஏறும்போது பின் சக்கரங்கள் குதித்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், ஒரு பிஎஸ்ஐ இறக்கினாலே பல சமயம் நின்றுவிடும்.

அப்படியும் குதிப்பது நிற்கவில்லை என்றால் பிரச்சினை லிங்க் கோணத்தில் இருக்கலாம். ஆன்டி ஸ்க்வாட், அதாவது இழுக்கும்போது பின்பக்கம் அமுங்குவதை லிங்குகள் எதிர்க்கும் அளவு, 100 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் வண்டிகள் இழுக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கிக் குதிக்கும். ஆக்சில் பக்கம் மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் நடுவே டயர் உயரத்தில் கால் பங்காவது இடைவெளி இருக்கிறதா என்று அளங்கள், 40 அங்குல டயருக்கு 10 அங்குலம். பிராக்கெட்டில் கூடுதல் துளைகள் இருந்தால் மேல் லிங்கின் சேஸி முனையை ஒரு துளை உயர்த்துவதே ஆன்டி ஸ்க்வாட்டைக் குறைக்கும், ஆனால் ஆக்சிலில் டிரைவ் ஷாஃப்ட் மாட்டும் பினியனின் கோணம் மாறும், இரண்டாவது படியில் செய்த ஆட்டலைத் திரும்பச் செய்ய வேண்டும். துளை இல்லை என்றால் அது வெல்டிங் வேலை, அனுபவமுள்ள ஃபேப்ரிகேட்டரிடம் விடுங்கள்.

9. வால்விங், இப்போதுதான்

உள்ளே பிஸ்டனுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும், ஷிம் என்பது அதுதான். ஒரு பக்கம் அமுங்கும்போது, மறுபக்கம் விரியும்போது எண்ணெயைத் தடுக்கும். பாறையில் ஷாஃப்ட் மெதுவாகத்தான் நகரும், அதனால் குறைந்த வேகத்தில், குறிப்பாக விரியும் பக்கத்தில், என்ன நடக்கிறது என்பதே நமக்கு முக்கியம். விரிவு லேசாக இருந்தால் படியிலிருந்து இறங்கிய வண்டி மேலே எகிறி இரண்டு மூன்று தடவை ஆடும், ஏற்றத்தில் ஸ்பிரிங் தூக்கி எறியும். விரிவு மிக இறுக்கமாக இருந்தால் பள்ளத்தில் சக்கரம் இறங்க நேரமாகும், அடுத்த பாறை வரும்போது அது இன்னும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை எழுந்து அப்படியே அமர்ந்துவிட வேண்டும், அதுதான் இலக்கு. ரிசர்வாயரில் திருகும் குமிழ் இருந்தால் முழு மென்மையில் தொடங்கி, கிளிக்கை எண்ணி எழுதிக்கொண்டு, இரண்டிரண்டாக ஏற்றுங்கள். அந்தக் குமிழ் பெரும்பாலும் அமுங்கும் பக்கத்தைத்தான் மாற்றும்.

கடையில் கொடுத்து ஷிம் மாற்ற ஒரு ஷாக்குக்கு 100 முதல் 150 டாலர் வரை ஆகலாம், எண்ணெயும் சீலும் அதில் சேருமா என்று முன்பே கேளுங்கள். ஒன்றிரண்டு வாரம் எடுக்கும், பந்தயத்துக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியில் இன்னும் இழுக்கும், செப்டம்பரிலேயே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். போகும்போது ஒரு தாளில் இவை இருக்கட்டும்: மூலை எடைகள், கீழ் எடை, ஸ்பிரிங் ரேட்டுகள், ஷாக்கின் சாய்வு, லிங்கிலா ஆக்சிலிலா, என்ன மாதிரி ஓட்டுவீர்கள். பாலைவனத்தில் மணிக்கு 60 மைல் ஓடும் வண்டிகளையே பார்க்கும் கடை என்றால் அமுக்கத்தை இறுக்கிவிடும் பழக்கம் இருக்கும், நடை வேகத்தில் பாறை ஏறும் வண்டி என்று இரண்டு முறை சொல்லுங்கள். உள்ளே வைத்த ஷிம் அடுக்கை எழுத்தில் வாங்காமல் ஷாக்கை எடுத்து வராதீர்கள், அது இல்லாவிட்டால் அடுத்த மாற்றம் குருட்டுக் கணக்கு.

10. முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு

அன்று மாலையே, டிரெய்லரில் ஏற்றும் முன், லிங்க் ஜாயிண்டுகளின் ஜாம் நட்டுகளைச் சாவி போட்டுப் பாருங்கள், புதிதாக இறுக்கியவை முதல் நாளில் தளரும். ஷாக் போல்ட், ஸ்ட்ராப் முனைகள், கிராஸ்ஓவர் ரிங் இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பூட்டியிருக்கிறதா என்பதும். நட்டில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் திரும்பியது கண்ணுக்கே தெரியும். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு ரைடு ஹைட்டை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள், ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஷாக்கின் ஷாஃப்டைத் துடைத்து எண்ணெய்க் கசிவு பாருங்கள். டயர் அளவு மாற்றினாலோ, ஸ்பேர் வீலை இடம் மாற்றினாலோ, கனமான வின்ச் மாட்டினாலோ மூன்றாவது படிக்குத் திரும்பி எடை போட்டுவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.